10 வார சேல்ஸ் பயிற்சி: 6-வது வாரத்துக்காகவே சேரலாம்

பெண்களுக்கான சேல்ஸ் பயிற்சி என்று விளம்பரம் வந்தாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ‘தயக்கத்தை உடையுங்கள்’ என்று தொடங்கி ‘உங்களால் முடியும்’ என்று முடித்துவிடுவார்கள். ஆய்வகக் கருவிகள் விற்க ஆரம்பித்து எனக்கு 7 வருடம் ஆகிறது. தயக்கம் இருந்திருந்தால் முதல் மாதமே ஓடியிருப்பேன். ஆனால் போன வருடம் டார்கெட்டில் 71 சதவீதம்தான் முடித்தேன். பக்கத்து டெரிட்டரியை (விற்பனைப் பகுதியை) பார்ப்பவர் 118. ஏன் என்று புரியாத எரிச்சலில்தான் இந்த ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம், குழுவில் 24 பேர்.

முதல் 3 வாரம் நான் பயந்த மாதிரியே போனது. குரலை இறக்கிப் பேசு, ‘சாரி’ என்று ஆரம்பிக்காதே, கண்ணைப் பார்த்துப் பேசு. புதிதாக வந்தவர்களுக்கு உதவியிருக்கலாம். நான் அந்த நேரத்தில் பாக்கியிருந்த ஃபாலோ-அப் மெயில்களை எல்லாம் அனுப்பி முடித்தேன். அந்த வகையில் பயன்தான்.

4-வது வாரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாடிக்கையாளரின் அனுமதியோடு ஒரு அழைப்பைப் பதிவு செய்து, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அளந்து வரச் சொன்னார்கள். 22 நிமிட அழைப்பில் 16 நிமிடம் பேசியது நான்! அடுத்த வாரம் ஸ்பின் முறை. நீல் ராக்கமும் அவருடைய ஹத்வெயிட் நிறுவனமும் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து வகுத்த கேள்வி முறை அது. நிலவரம் கேட்பது, சிக்கலைக் கேட்பது, அந்தச் சிக்கலால் வரும் நட்டத்தைக் கேட்பது, தீர்ந்தால் என்ன லாபம் என்று வாடிக்கையாளர் வாயாலேயே சொல்ல வைப்பது. சின்னப் பொருளை விற்க உதவும் ‘க்ளோஸிங்’ வித்தைகள், அதாவது வாடிக்கையாளரை உடனே சம்மதிக்க வைக்கும் உத்திகள், பெரிய விற்பனையில் எதிராகவே வேலை செய்யும் என்பதும் அந்த ஆய்வில் தெரிய வந்ததுதான். அடுத்த சந்திப்பில் எங்கள் கருவியின் வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “இப்போது இருக்கும் மெஷின் நின்றுபோனால் அன்றைக்கு வந்த சாம்பிள்களை என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். ஆய்வகத் தலைவர் 10 நிமிடம் புலம்பித் தீர்த்தார்.

சரி, 6-வது வாரத்துக்கு வருகிறேன். அவரவர் இன்சென்டிவ் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கும் வகுப்பு. நிலையான சம்பளம் எவ்வளவு, விற்றால் மட்டும் வருவது எவ்வளவு, வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா, நீண்ட விடுப்பில் போனால் அந்த மாதங்களுக்கான டார்கெட் குறையுமா? கடைசிக் கேள்விக்கு 24 பேரில் 5 பேருக்குத்தான் பதில் தெரிந்தது. எனக்குத் தெரியாது, கையெழுத்துப் போட்டவளே நான்தான் என்றாலும். பயிற்சி நடத்தியவர் பல வருடம் மண்டல மேலாளராக இருந்தவர். “டார்கெட் எண்ணைப் பார்த்தது போதும், அதை எட்டுவதற்கு உங்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்” என்றார்.

அன்றிரவே எங்கள் சிஸ்டத்தில் என் டெரிட்டரியையும் அந்த 118 சதவீதக்காரரின் டெரிட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு 52 வாடிக்கையாளர்கள். அதில் 31 பேர் 2 வருடமாக எதுவுமே வாங்கவில்லை. அவருக்கு 47, அதில் 38 பேர் வருடா வருடம் ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான ரசாயனம்) வாங்குகிறவர்கள். டார்கெட் மட்டும் இருவருக்கும் ஒன்றே. இத்தனை நாள் என் பேச்சில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! கணக்கை ஒரே தாளில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோனேன். 18 வாடிக்கையாளர்களை மாற்றித் தரக் கேட்டேன், 9 பேரை மாற்றினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் அவருமே இதைக் கவனித்திருக்கவில்லை என்று தோன்றியது.

இந்த வகுப்பை வைத்திருப்பவர்களே 8-வது வாரத்தில் சொதப்பியதுதான் ஆச்சரியம். விற்பனையில் சாதித்த பெண்கள் என்று ஒரு வரலாற்று வகுப்பு. டப்பர்வேரை வீட்டுப் பார்ட்டிகள் வழியாக விற்றுக் காட்டிய பிரௌனி வைஸ், 1954-இல் ‘பிசினஸ் வீக்’ அட்டையில் இடம்பெற்ற முதல் பெண். ஸ்லைடு அந்த அட்டைப் படத்தோடு நின்றுவிட்டது. 1958-இல் அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் கட்டியெழுப்பிய விற்பனை அமைப்பு கம்பெனியிடமே இருந்தது, அவர் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது. 6-வது வாரப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? அரட்டைப் பெட்டியில் எழுதினேன். இதயக்குறி வந்தது, பதில் வரவில்லை.

இன்னொரு குறை பெரியது. தனியாக வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது எல்லை மீறுகிறவர்களைப் பற்றி மொத்தம் 20 நிமிடம்தான் பேசினார்கள். அதுவும் ‘நாசூக்காகத் தவிர்ப்பது எப்படி’ என்ற அளவில். ஆர்டர் போய்விடுமே என்று யோசிக்கும் நிமிடத்தில் நாசூக்கு எங்கே வரும்? அந்த வாடிக்கையாளரை வேறொருவருக்கு மாற்றினால் அந்த விற்பனையின் கமிஷன் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். அதற்கு விடையே இல்லை. என்னைப் பொறுத்தவரை ஒரு முழு வாரத்துக்கான விஷயம் அது.

வழிகாட்டியாக எனக்கு முதலில் ஒதுக்கப்பட்டவர் துணிக்கடை விற்பனையில் இருந்தவர். நல்ல மனுஷி, ஆனால் 8 மாதம் இழுக்கும் டெண்டர் விற்பனை அவருக்குப் புதிது. எழுதிக் கேட்ட பிறகு, 3 வாரம் கழித்து மாற்றித் தந்தார்கள். வாட்ஸ்அப் குழுவை ம்யூட் செய்துவிடுங்கள், நாள் முழுக்க வாழ்த்துகள்தான்.

2 முதல் 8 வருட அனுபவம் இருப்பவர்கள் சேரலாம். இன்னும் வேலையே கிடைக்காதவர்களுக்கு முக்கியமான பாதி புரியாது. அப்புறம், வகுப்புப் பதிவுகள் 30 நாளில் மறைந்துவிடும், தரவிறக்கவும் முடியாது. 6-வது வாரத்துக்கு மட்டுமாவது நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.