பதுவை ஸ்க்ரொவேன்யி சிற்றாலயம்: உள்ளே கிடைக்கும் 15 நிமிடம்

பதுவை என்றதும் அந்தோனியார் பேராலயம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஊரில், பழைய ரோமானிய அரங்கம் இருந்த திடலில், வெளியே வெறும் செங்கல் சுவராக நிற்கிறது ஸ்க்ரொவேன்யி சிற்றாலயம். 1305 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே நான்கு பக்கமும் இத்தாலிய ஓவியர் ஜோத்தோவின் சுவரோவியங்கள். மரியாவின் பெற்றோர் கதையில் தொடங்கி இறுதித் தீர்ப்பு வரை, கிறிஸ்தவ ஓவியத்தில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் வரிசை தெரியாமல் உள்ளே போனால் பாதி ஓவியம் கண்ணில் படுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டியிருக்கும்.

முதலில் பார்வையாளர் ஏற்பாடு. முன்பதிவு கட்டாயம். ஒரு குழுவில் அதிகபட்சம் 25 பேர். நேராக ஆலயத்துக்குள் விடமாட்டார்கள். கண்ணாடி அடைத்த ஒரு முன்னறையில் 15 நிமிடம் உட்கார வேண்டும். உடலோடும் உடையோடும் வரும் ஈரமும் தூசும் அங்கே மட்டுப்பட்ட பிறகுதான் உள்கதவு திறக்கும். பிறகு ஆலயத்துக்குள் 15 நிமிடம். அடுத்த குழு முன்னறையில் காத்திருப்பதால் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. முன்னறைக் கதவு மூடிய பின் வருபவருக்கு அந்த நேரம் போனதுதான். அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கவும் பெரிய பைகளை ஒப்படைக்கவும் நேரம் பிடிக்கும் என்பதால் நன்றாக முன்கூட்டியே போய்விடுங்கள்.

இந்தக் கெடுபிடி தேவையா என்று கேட்பவர்கள், இயேசு பிறப்புக் காட்சியில் மரியாவின் மேலாடையைப் பார்த்தால் போதும். நீலம் பெரும்பாலும் உதிர்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் பூசிய வண்ணம் சாந்தோடு சேர்ந்து இறுகிவிடும். அது எளிதில் போகாது. அசுரைட் என்னும் கனிம நீலத்தை அப்படிப் பூச முடியாததால், சாந்து காய்ந்த பிறகு பசையில் குழைத்துத் தடவினார்கள். ஈரம் ஏறி இறங்கும்போது முதலில் உதிர்வது அந்த நீலம்தான். முன்னறை ஏற்பாட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி வரிசை. பீடத்தைப் பார்த்து நில்லுங்கள். வலப்பக்கம் ஆறு சன்னல்கள் உள்ள சுவர்; இடப்பக்கம் சன்னலே இல்லாத சுவர். கதை வலச்சுவரின் மேல்வரிசையில் பீடத்தை ஒட்டித் தொடங்கி, வாசல் பக்கமாகப் போய், இடச்சுவர் வழியாகப் பீடத்துக்குத் திரும்புகிறது. பிறகு ஒரு வரிசை கீழே இறங்கி அதே சுற்று, அதன்பின் இன்னொன்று. மொத்தம் மூன்று சுற்று. எந்தச் சுவரை நேராகப் பார்த்தாலும் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். பலர் செய்யும் தவறு, ஒரு மூலையில் நின்று மேலிருந்து கீழாகப் பார்ப்பது. அப்போது மரியாவின் தந்தை சுவக்கீன் ஆலயத்திலிருந்து விரட்டப்படுவதும், குழந்தை இயேசு பிறப்பதும், இறுதி இராவுணவும் ஒரே கதை போலக் குழம்பும்.

மேல்வரிசை சுவக்கீன், அவர் மனைவி அன்னா, மகள் மரியா கதை. இது நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும், விவிலியத் திருமுறையில் சேராத பழைய நூலிலிருந்து வந்தது. விவிலியத்தை மட்டும் படித்தவர்கள் இங்கேயே திகைத்து நேரத்தை இழக்கிறார்கள். அந்த வரிசையில் ஒன்றை மட்டும் நின்று பாருங்கள்: வலச்சுவரின் கடைசிக் காட்சி, பொன்வாயிலில் கணவனும் மனைவியும் முத்தமிடுவது. அதே சுவரின் கீழ்வரிசை நடுவில் இன்னொரு முத்தம், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. சுற்றிலும் ஈட்டிகள், தீப்பந்தங்கள். முகத்துக்கு முகம் நெருங்கியும் இயேசு பார்வையை விலக்கவில்லை. இந்த இரண்டையும் மாறி மாறிப் பார்க்க மூன்று நிமிடம் செலவழித்தாலும் தகும்.

பீட வளைவிலும் இதே போன்ற ஓர் இணை உண்டு. வானதூதர் கபிரியேலுக்கும் மரியாவுக்கும் கீழே, வலப்பக்கம் மரியாவும் எலிசபெத்தும் தழுவிக்கொள்கிறார்கள். இடப்பக்கம் யூதாசு பணப்பையைப் பிடித்திருக்கிறான். அவன் பின்னால் கறுத்த பேய். பீடத்தின் மேலுள்ள சிற்பங்கள் ஜொவான்னி பிசானோ செதுக்கியவை.

நடுவரிசையில் ஞானிகள் வணங்கும் காட்சியில் விண்மீன் வால் நீண்டு எரிகிறது. 1301இல் தோன்றிய ஹேலி வால்மீனைப் பார்த்து ஜோத்தோ வரைந்ததாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1986இல் அதே வால்மீனை நெருங்கிய ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜோத்தோ என்றே பெயர்.

மிச்ச நேரத்தின் பெரும்பகுதி இடச்சுவரின் கீழ்வரிசைக்கு. இயேசுவின் உடலைச் சுற்றிப் புலம்பும் காட்சியில் பாறை மேட்டின் சரிவு நம் கண்ணை மேலிருந்து கீழே இழுத்து, மரியாவும் மகனும் முகம் சேரும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். இருவர் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார்கள். முகமே தெரியாமல் துயரம் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் உயிர்த்த இயேசுவை மகதலா மரியா எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். அதற்கு நேர் மேலே, நடுவரிசையில், இயேசு உயிர்ப்பித்த லாசர் கல்லறையிலிருந்து வெளியே வருகிறார். இப்படி மேலும் கீழும் பொருத்தியது தற்செயலாக இருக்க முடியாது.

இந்தச் சுவரில் காட்சிகளுக்கு நடுவே வரும் அலங்காரப் பட்டைகளை யாரும் கவனிப்பதில்லை. அவற்றின் சிறு கட்டங்களில் பழைய ஏற்பாட்டு முன்னடையாளங்கள், அதாவது இயேசுவின் வாழ்வை முன்கூட்டிக் காட்டும் நிகழ்ச்சிகள், இருக்கின்றன: சிலுவைக் காட்சிக்கு மோசேயின் வெண்கலப் பாம்பு, புலம்பலுக்கு மீனால் விழுங்கப்படும் யோனா, விண்ணேற்றத்துக்கு நெருப்புத் தேரில் எலியா. கைக்கு அடங்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தால் நன்றாகத் தெரியும். கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பது நேர விரயம்.

கதை வரிசைகளுக்கும் கீழே, அடிவரிசையில் பளிங்குச் சிற்பம் போலத் தோன்றும் சாம்பல் நிற உருவங்கள் வலப்பக்கம் ஏழு நற்பண்புகள், இடப்பக்கம் ஏழு தீயொழுக்கங்கள். வாசல் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பைப் பார்த்துத் திரும்பினால் காரணம் விளங்கும்: நற்பண்புகளின் சுவர் விண்ணகத்திலும், தீயொழுக்கங்களின் சுவர் நரகத்திலும் போய் முடிகிறது. அந்த இறுதித் தீர்ப்பில் சிலுவைக்கு இடப்பக்கம், ஆலயத்தின் சிறு மாதிரியை மரியாவுக்குக் காணிக்கையாக்கி முழங்காலிட்டிருப்பவர் கட்டிய செல்வர் என்ரிகோ ஸ்க்ரொவேன்யி. அவருடைய தந்தை வட்டித் தொழில் செய்தவர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அந்தத் தந்தையை நரகத்து வட்டிக்காரர்களோடு உட்கார வைத்தார்.

கடைசி ஒரு நிமிடத்தை அந்தச் சுவரின் உச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சன்னலின் இருபுறமும் இரண்டு வானதூதர்கள் வானத்தை ஓலைச்சுருள் போலச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுருண்ட இடத்தில் விண்ணக எருசலேமின் வாயில் தெரிகிறது.