ஏற்காடு மலைப்பாதையில் பழைய புல்லட் 350: டைமிங் குறித்த நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வார்ப்பிரும்பு எஞ்சினும் பாயின்ட் முறைப் பற்றவைப்பும் (பாயின்ட் என்னும் சிறு தொடுமுனை திறக்கும் கணத்தில் பிளக்கில் தீப்பொறி எழும் முறை) கொண்ட பழைய புல்லட் 350 வண்டியைச் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள 346 சி.சி. எஞ்சின் அது. டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, சற்று அட்வான்ஸ் செய்து (முன்னதாக்கி) வைத்தால் ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுக்கும் என்று பட்டறைகளில் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த உயரத்தில், எந்த வெயிலில், எவ்வளவு சுமையோடு இழுக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவு எளிமையானது. அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து தீப்பொறியை முன்னதாக்கும் சிறு எடைகள்) முழுவதும் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னதாகப் பாயின்ட் திறக்க வேண்டும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் என்பது கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) சுழற்சியில் ஏறத்தாழ 10 டிகிரிக்குச் சமம். உச்சிக்கு அருகே பிஸ்டன் மிக மெதுவாகவே நகர்கிறது. ஆகையால் பிஸ்டனின் இடத்தை அளக்கப் பிளக் துளை வழியே விடும் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத அளவு பிழை கூட டிகிரிக் கணக்கில் பெரிதாகிவிடும். போதாததற்கு, தன் மேட்டால் பாயின்டைத் தள்ளித் திறக்கும் கேம் கிராங்கின் பாதி வேகத்திலேயே சுற்றுவதால், அங்கே ஒரு டிகிரி தவறினால் எஞ்சினில் இரண்டு டிகிரி தவறுகிறது.

தீப்பொறியை முன்கூட்டியே கொடுப்பதற்குக் காரணம், கலவை எரிந்து முடிக்கக் கால அவகாசம் தேவைப்படுவதுதான். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு டிகிரி என்பது வினாடியின் 18,000இல் ஒரு பங்கு. சிலிண்டரின் அழுத்தம் உச்சியைக் கடந்து சுமார் 15 டிகிரியில் உச்சத்தை எட்டினால் விசை முழுமையாகப் பயன்படுகிறது. அதற்கு முன்பே எட்டிவிட்டால், ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் அடி வாங்கும், நாக்கிங் (கலவை கட்டுமீறி வெடித்து எழும் தட்டல்) வரும், சூடு ஏறும். மிகத் தாமதித்தால் எரிந்துகொண்டிருக்கும் வாயு சைலன்சர் குழாய்க்குள் போய், இழுவை குறைந்து, குழாய் மட்டும் கொதிக்கும்.

இனி மலைக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவதால் எரிதல் மெதுவாகிறது. நாக்கிங் அபாயமும் குறைகிறது. ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் பக்கம் போகும் குளிர்ந்த சாலையில், டைமிங்கை 1.2 மில்லிமீட்டருக்கு நகர்த்தி ஓட்டிப் பார்த்தபோது வண்டி தெளிவாகவே சுறுசுறுப்படைந்தது. மேலேயே குடியிருப்பவருக்கு அந்த அமைப்பு பிடித்துப்போகும். அதே அமைப்போடு சித்திரை மாத நண்பகலில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து புறப்பட்டால் கதை வேறு. கொண்டை ஊசி வளைவுகள் இருபதில் முதல் சிலவற்றிலேயே, மூன்றாவது கியரில் வேகம் தணிந்து ஆக்சிலரேட்டரைத் திருகும்போது, கூழாங்கல்லைத் தகரத்தில் கொட்டியது போன்ற ஓசை எழுந்தது. காலையில் கிக்கரும் திருப்பி அடித்தது. அவ்வாறு அடித்தால் கணுக்கால் தப்புவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆகவே இந்தப் பாதையில் ஓடும் வண்டிக்கு டைமிங்கைத் தீர்மானிக்க வேண்டிய இடம், வண்டி நன்றாக ஓடும் மலையுச்சி அன்று. அது மிகவும் திணறும் வெப்பமான அடிவாரமே என்பது என் முடிவு. 0.8 மில்லிமீட்டருக்கே திரும்பினேன். மேலே கொஞ்சம் சுறுசுறுப்பு குறைகிறது என்பது உண்மைதான். அதில் பெரும்பகுதிக்குக் காரணம் டைமிங் அன்று; காற்று மெலிந்ததால் பெட்ரோல் விகிதம் கூடுவதுதான். ஸ்பார்க் பிளக் கரிபிடித்து வருவதைப் பார்த்தே அதை அறியலாம். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலேற்றினால் அது சரியாகும். ஆனால் அப்படியே கீழே இறங்கினால் சேலத்தில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

உண்மையான முன்னேற்றம் எனக்குக் கிடைத்த இடம், அந்த எடைகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் உள்ள அட்வான்ஸ் யூனிட். பட்டறையில் பெரும்பாலும் இதைத் திறந்து பார்ப்பதே இல்லை. கேமை விரலால் திருகி விட்டால் அது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எடைகள் மெதுவான ஓட்டத்திலேயே விரிந்து, பாயின்டை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் டைமிங் முன்னே போய்விடும். எடைகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் வேகம் கூடும்போது அட்வான்ஸ் கிடைக்காமல் வண்டி மந்தமாகும். எடைகளின் ஊசிகளைச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றிய பிறகு, முன்பு டைமிங் கோளாறு என்று தோன்றிய தடுமாற்றங்களில் பாதி மறைந்துவிட்டன.

அமைக்கும் முறையில் வரிசை முக்கியம். முதலில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பாயின்ட் இடைவெளி. அதன் பிறகே டைமிங். இடைவெளியைக் கூட்டினால் பாயின்ட் முன்னதாகவே திறக்கும் என்பதால், வரிசையை மாற்றிச் செய்த வேலை வீணாகும். பிளக்கைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் திருப்பிப் பிஸ்டனை நகர்த்துவேன். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் வீச்சுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பல்சக்கர இடைவெளியால் அளவு ஏமாற்றும். எனவே பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய், முன்னோக்கி வரும்போதுதான் குறியில் நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பி, விளக்குகளை அணைத்துவிட்டு, முகப்பு விளக்குக் கூட்டில் உள்ள ஆம்பியர் மீட்டரைக் கவனித்தால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும். திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். அந்தக் கணம் 0.8 குறியோடு பொருந்தினால் போதும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே நுழைக்கும் கம்பி நேர் அளவைக் காட்டாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே கம்பியை, ஒரே கோணத்தில், ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

காப்பித் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் கருவியையும் இதே போல அட்வான்ஸ் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் ஃப்ளைவீல் ஒரு சாவித்துண்டால் தண்டில் பூட்டப்பட்டிருப்பதால், டைமிங் அங்கே நிலையானது. ஸ்டார்ட் செய்யும்போது கயிறு திருப்பி இழுத்தால், அந்தத் துண்டு பாதி நறுங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாயின்ட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், கேமில் உராயும் ஃபைபர் குதிகால் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அந்தக் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்வாங்கும். புதிய பாயின்டில் முதல் சில நூறு கிலோமீட்டர்களிலேயே இது வேகமாக நடக்கிறது. கேமின் மேல் கடுகளவு கிரீஸ் தடவி, அந்தத் தொடக்க ஓட்டம் முடிந்ததும் ஃபீலர் கேஜை ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டால், அதன் பிறகு நெடுநாள் தொட வேண்டியிருப்பதில்லை.