மண்ணைத் தொட்டுப் பார்த்து 2 லட்சத்து 85 ஆயிரம் வாங்கிக்கொண்டு போன ஆள்: நிலம் வாங்கி வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

செப்டிக் அமைப்புக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கியவன் எனக்கு அனுப்பிய அனுமதி எண் எங்கள் நிலத்துக்கு உரியதே இல்லை என்று இன்று காலை பதினோரு மணிக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. எழுத்து முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 2 லட்சத்து 85 ஆயிரம். அது போதாதென்று, போட்டு முடித்த அஸ்திவாரம் இருக்கக் கூடாத இடத்தில் நிற்கிறது.

நாங்கள் வாங்கியது ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் நிலம், பாதாளச் சாக்கடை வராத இடம். அங்கே வீட்டுக் கழிவுநீர் முழுக்க நம் மண்ணுக்குள்தான் இறங்கியாக வேண்டும். அதனால் செப்டிக் அமைப்புக்கு முதலில் அனுமதி, அப்புறம்தான் கட்டட அனுமதி. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன்பே இதற்கு ஆள் தேடினோம். அலட்சியமாக இருந்து ஏமாந்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளம். புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. அதில் “மண் பரிசோதனை, வடிவமைப்பு, அனுமதி மூன்றும் ஒரே இடத்தில்” என்று ஒரு விளம்பரம். நிறைய நட்சத்திரம், நல்ல நல்ல கருத்துகள். கூப்பிட்டேன். மறுநாளே வந்துவிட்டான்.

வந்த அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். காரை விட்டு இறங்கியதும் நேராக நிலத்துக்குள் நடந்து போய்க் குந்தி உட்கார்ந்தான். ஒரு பிடி மண்ணை எடுத்தான், பாட்டிலில் இருந்த குடிநீரை அதில் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, விரலால் நீட்டி நீட்டிப் பார்த்தான். “அக்கா, இது நல்ல மண்ணு, தண்ணியை நல்லாக் குடிக்கும்” என்றான். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். முட்டி வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, அவருக்காகத்தான் இந்தத் தரைத்தள வீடே. அவரிடம் போய், “அம்மா, உங்க ரூமுக்குப் பக்கத்துலயே பாத்ரூம் வர்ற மாதிரி குழாய் எடுத்துடலாம், நடக்க வேண்டியதே இல்ல” என்று சொல்லிவிட்டு, நாற்காலி எத்தனை உயரம் இருந்தால் அவருக்கு எழுந்திருக்க வசதி என்று டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டான். என் தம்பி கூட அம்மாவிடம் அத்தனை பொறுமையாக உட்கார்ந்து பேசியதில்லை. காரில் திரும்பும்போது அம்மாவே சொன்னார், “இந்தப் பையன்கிட்டயே குடுத்துடு” என்று.

அன்றே மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் 60 ஆயிரம் கொடுத்தோம். பரிசோதனை என்று அவன் செய்தது இது: கடப்பாரையால் முழங்கால் ஆழத்துக்கு ஒரே ஒரு குழி. அதில் இரண்டு வாளி தண்ணீர். போனில் நேரம் பார்த்தான். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்தோம், சந்தோஷப்பட்டோம். கடும் வெயில் காலம் அது.

இரண்டு வாரத்தில் வரைபடம் வந்தது. வண்ணத்தில், அளவுகளோடு, பார்க்க அழகாக. “அனுமதிக் கட்டணம், ஆபீஸ் செலவு” என்று 1 லட்சத்து 25 ஆயிரம் கேட்டான். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாக என் கணக்கில் போட்டுவிடுங்கள், அந்தக் கமிஷனை உங்களுக்கே குறைத்துத் தருகிறேன் என்றான். போட்டோம். பத்து நாளில் ஒரு படம் அனுப்பினான்: மஞ்சள் நிறத் தாள், வட்ட முத்திரை, ஒரு நீளமான எண். “வந்துடுச்சு அக்கா! நீங்க தைரியமா அஸ்திவாரம் போடுங்க.” அதோடு, டேங்க் விலை ஏறப் போகிறது, இப்போதே சொல்லிவைத்தால் நல்லது என்று முன்பணம் 1 லட்சம். மொத்தம் 2 லட்சத்து 85 ஆயிரம். கடைசி லட்சத்துக்கு என் வளையல்களை அடகு வைத்தேன்.

அஸ்திவாரம் போட்டோம். மழை ஆரம்பித்தது. டேங்க் வரவில்லை.

அப்புறம் தொடங்கியது பாருங்கள். முதல் வாரம் “லாரி கிடைக்கல அக்கா.” அடுத்த வாரம் “மீட்டிங்ல இருக்கேன், நானே கூப்பிடறேன்.” அதற்கடுத்து அவன் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. பாவம் என்று நான் நான்கு நாள் கூப்பிடவே இல்லை. அசல் அனுமதித் தாளைக் கேட்டதும் “சர்வர் வேலை செய்யல, அடுத்த வாரம் பிரிண்ட் எடுத்துடலாம்” என்றான். ஒரு தாளைப் பிரிண்ட் எடுக்க ஆறு வாரமா? என் கணவர் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசினார். உடனே “நம்பிக்கை இல்லன்னா எதுக்கு சார் என்கிட்ட வேலை குடுத்தீங்க” என்று அவரையே குற்றவாளி ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

தளத்துக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, “பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டுள்ளதால் இது இரு தரப்பினருக்கும் இடையிலான விஷயம்” என்று ஒற்றை வரிப் பதில். அந்தத் தளத்தில் அவனுடைய விளம்பரப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி கருத்தாக எழுதினேன், மறுநாள் என் கருத்தைக் காணவில்லை. விதிமுறைக்கு ஒத்துவரவில்லையாம். நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்ணிடம் 2 லட்சத்து 85 ஆயிரம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் “உங்கள் சிரமம் புரிகிறது” என்றார். என்ன புரிந்தது?

போன வாரம் வேறொருவரை, உண்மையாகவே மண் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரை, கூட்டி வந்தோம். அவர் கையில் மண்ணை எடுக்கவே இல்லை. பொக்லைன் வரவழைத்து ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டச் சொன்னார். ஏணி வைத்து உள்ளே இறங்கி, பக்கச் சுவரைக் கரண்டியால் சுரண்டிக் காட்டினார். அரை மீட்டர் ஆழத்திலிருந்தே மண் சாம்பல் நிறத் திட்டுத்திட்டாக, நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகளோடு இருந்தது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் அந்த ஆழம் வரை தண்ணீர் ஏறி நிற்கிறது என்பதற்கு மண்ணே எழுதி வைத்திருக்கும் கணக்காம் அது. வெயில் காலத்தில் வந்து பார்த்தாலும் அந்தத் திட்டுகள் அழிவதில்லை. பார்க்கத் தெரிந்தவன் அன்றே சொல்லியிருப்பான்.

அந்த வாளித் தண்ணீர் விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். களிமண் வெயிலில் வெடித்துக் கிடக்கும். ஊற்றும் தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடிவிடும், மண் குடித்த மாதிரி தெரியும். முறையாகச் செய்வதென்றால் உறிஞ்சும் வாய்க்கால், அதாவது டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் வாய்க்கால், வரப்போகும் இடத்தில் பல குழிகள் போட்டு, அவற்றை முதலில் பல மணி நேரம், பெரும்பாலும் ஒரு ராத்திரி முழுக்க, ஊற வைத்து, மண் உப்பி வெடிப்பு மூடிய பிறகுதான் நேரம் பார்க்க வேண்டும். தண்ணீர் 2.5 சென்டிமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் பல இடங்களில் சாதாரண வாய்க்காலுக்கு அனுமதி கிடையாது. அவர் அப்படிச் செய்து பார்த்ததில் எங்கள் குழிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்றில் தண்ணீர் மறுநாளும் நின்றது.

நானே இதுவரை தப்பாகப் புரிந்துவைத்திருந்த ஒன்று: டேங்க்தான் கழிவைச் சுத்தம் செய்கிறது என்று நினைத்திருந்தேன். டேங்கில் கசடு அடியில் தங்குகிறது, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது, அவ்வளவுதான். நடுவிலிருந்து வெளியேறும் தண்ணீரில் கிருமிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. அதைச் சுத்தம் செய்வது வாய்க்காலுக்குக் கீழே காற்றோட்டத்தோடு இருக்கும் வறண்ட மண். அந்த மண் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் கழிவு அப்படியே நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதோடு, இந்த நீர்மட்டத்தில் காலி டேங்கைச் சரியாக இறுக்கிக் கட்டாமல் புதைத்தால் மழையில் அதுவே மேலே கிளம்பி வந்துவிடும் என்றும் சொன்னார்.

அவனுடைய அழகான வரைபடத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தார். நிலம் சரிகிற திசையே தலைகீழாக இருக்கிறதே என்றார். எங்கள் வீட்டுக்கு மூன்று படுக்கையறை, வரைபடத்தில் நான்கு. எங்கோ யாருக்கோ போட்டதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். பக்கத்து நிலத்துக் கிணறு அதில் இல்லவே இல்லை. அளந்து பார்த்தால் வாய்க்கால் காட்டியிருக்கும் இடத்திலிருந்து அந்தக் கிணறு 19 மீட்டர். எங்கள் பகுதி விதிப்படி 30 மீட்டர் வேண்டும். அந்தக் கிணற்றிலிருந்துதான் ஒரு வயதான அம்மா தினமும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார், எங்கள் கொத்தனார்களுக்கும் கொடுத்திருக்கிறார். பணம் போனதைக் கூட ஒரு பக்கம் வைத்துவிடுவேன், இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. டேங்க் சொன்ன தேதியில் வந்திருந்தால் நாங்கள் புதைத்திருப்போம். அந்தத் தண்ணீரில் எங்கள் வீட்டுக் கழிவு கலந்திருக்கும்.

இன்று காலை அனுமதி தரும் அலுவலகத்துக்கே நேரில் போய் எண்ணைக் காட்டினோம். அது அனுமதி எண்ணே இல்லை. யாரோ வேறொருவர், வேறொரு நிலத்துக்கு, விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது எண். எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் கூட இல்லை.

இப்போது இருக்கும் ஒரே வழி, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து மேடு கட்டி, கழிவுநீரைப் பம்பு வைத்து ஏற்றி அதில் விடுவது. அதற்கு நிலத்தில் கொஞ்சம் உயரமான, மழையில் நீர் தேங்காத இடம் வேண்டும். எங்கள் நிலத்தில் அப்படி இருப்பது ஒரே இடம். அங்கேதான் அஸ்திவாரம் போட்டிருக்கிறோம். அந்தப் பெரியவர் இதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் மண்ணைப் பார்த்திருந்தால் வீட்டைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கலாம், ஒன்றும் பெரிய விஷயமில்லை.

விவரமாக வழிமுறை எழுதலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். சட்டென்று சில மட்டும். நிலத்துக்கு முழுப்பணம் கொடுக்கும் முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள், ஆழமாகப் பள்ளம் வெட்டிப் பார்க்காதவனை நம்பாதீர்கள். வாய்க்கால் இடமும், அது பிற்காலத்தில் கெட்டுப்போனால் மாற்று இடமும் குறித்துவிட்டு அப்புறம் வீட்டுக்கு இடம் பாருங்கள், அந்த இரண்டு இடத்திலும் லாரியோ பொக்லைனோ ஏறவே கூடாது, மண் இறுகிவிடும். பக்கத்து நிலத்துக் கிணறுகளையும் அளந்துகொள்ளுங்கள். அனுமதிக் கட்டணத்தை நீங்களே அலுவலகத்தில் கட்டி உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். போனில் வரும் படம் அனுமதி ஆகாது.

மஞ்சள் தாள், வட்ட முத்திரை, இடது ஓரத்தில் விரல் நிழல் விழுந்திருக்கும். இதே படம் உங்களுக்கும் வந்திருந்தால் அடுத்த தவணையைப் போடாதீர்கள், எண்ணை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே அலுவலகத்துக்குப் போங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.