செஹெல் சொதூனா, கோலெஸ்தானா?

பாரசீக அரண்மனை என்றால் பலருக்கும் பெர்செபோலிஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை எரித்தபின் அங்கே எஞ்சியவை கற்கள்தான். கூரை, வண்ணம், கண்ணாடி எல்லாம் சேர்ந்த அரண்மனை என்று தேடினால் என் கணக்கில் போட்டி இரண்டுக்குத்தான்: இஸ்பஹானில் சஃபாவி அரச வம்சத்தார் கட்டிய செஹெல் சொதூன், தெஹ்ரானில் பின்னாளில் வந்த கஜார் வம்சத்தார் வளர்த்த கோலெஸ்தான்.

செஹெல் சொதூன் ஒரே கட்டடம். இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில், 1647இல் முடிந்தது. விருந்துக்கும் தூதர்களை வரவேற்பதற்கும் எழுப்பிய மண்டபம் இது. முதலில் தோட்டம், நடுவே நீண்ட குளம், குளத்தின் தலைமாட்டில் உயரமான 20 மரத்தூண்கள் தாங்கும் திறந்த முன்மண்டபம். தூண்கள் நீரில் நிழலாடி 40 ஆகிவிடும் என்ற கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். எனக்கு வியப்பு, அந்த முன்மண்டபத்தின் மூன்று பக்கமும் சுவரே இல்லாததுதான். தோட்டம் எங்கே முடிந்தது, அரண்மனை எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது.

உள்ளே போனால் ஓவியக்கூடம். 17ஆம் நூற்றாண்டின் பெரிய சுவரோவியங்கள் நான்கு. ஒன்றில் சஃபாவி ஆட்சியை நிறுவிய ஷா இஸ்மாயில் உஸ்பெக்குகளோடு போரிடுகிறார். மற்ற மூன்றும் விருந்துக் காட்சிகள்: இசை, நடனம், மதுக்கிண்ணம். பார்க்க இதமாக இருக்கும். ஆனால் விருந்தாளிகள் யார்? ஆட்சியை இழந்து பாரசீகத்தில் அடைக்கலம் தேடிய மன்னர்கள். அவர்களில் ஒருவர் நம் பாடப்புத்தகத்து ஹுமாயூன்; உபசரிப்பவர் ஷா தஹ்மாஸ்ப். இந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட வெளிநாட்டுத் தூதருக்குச் செய்தி புரியாமலா இருந்திருக்கும்? பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739இல் முகலாயரை வென்ற கர்னால் போர்க் காட்சி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. அதில் இந்த நுணுக்கம் இல்லை, வெறும் வெற்றி முழக்கம்.

கோலெஸ்தானுக்கு இப்படி ஒரே திட்டம் கிடையாது. வந்த அரசரெல்லாம் ஒன்று கட்டினார், ஒன்றை இடித்தார். கஜார் வம்சத்தின் முதல் அரசர் ஆகா முகமது கான், ஷிராஸில் தனக்கு முன் ஆண்ட ஸந்த் வம்சத்துக் கரீம் கானின் அரண்மனையிலிருந்து தூண்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். அந்த எதிரியின் எலும்புகளையும் தோண்டியெடுத்துத் தான் மிதித்து நடக்கும் வாசலில் புதைத்தார் என்று சொல்வார்கள். அவருக்கு அடுத்து வந்த ஃபத் அலி ஷா 1806இல் யஸ்த் பளிங்கின் 65 துண்டுகளை இணைத்து அரியணை செய்யச் சொன்னார். தேவதைகளும் பூதங்களும் தோள்கொடுத்துத் தாங்குவதுபோல் செதுக்கிய அரியணை அது.

நாஸிர் அல்தீன் ஷா காலத்தில் பார்வை ஐரோப்பா பக்கம் திரும்பியது. ஷம்ஸ் அல்இமாரா என்ற ஐந்தடுக்கு இரட்டைக் கோபுர மாளிகை 1867இல் எழுந்தது; மேலே ஏறினால் அரசர் தலைநகரையே பார்க்கலாம். வார்ப்பிரும்புத் தூண், வண்ண ஓடு, கடிகாரம் எல்லாம் ஒரே கட்டடத்தில். 1873இல் ஐரோப்பா போய்வந்த பிறகு அருங்காட்சியகத்துக்கென்றே ஒரு கூடமும் கட்டினார். சற்றுப் பகட்டுதான். ஆனால் ஒரு வம்சத்தின் ஆசையும் பதற்றமும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறு இல்லை.

கட்டடக்கலைக்காக ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் தயங்காமல் செஹெல் சொதூன் என்பேன். வரலாறு படிக்க வேண்டுமென்றால் கோலெஸ்தான். யுனெஸ்கோ பட்டியலில் முன்னது 2011இல் பாரசீகத் தோட்டங்களில் ஒன்றாக வந்தது. பின்னது 2013இல் தனியாகவே.

இந்தத் தீர்ப்பு கோலெஸ்தானுக்குக் கொஞ்சம் அநியாயம்தான். இன்று அங்கே காண்பது மிச்சம் மட்டுமே. பழமை நவீன நகரத்துக்குத் தடை என்று நினைத்த, கஜார்களுக்குப் பின் அரியணை ஏறிய ரேஸா ஷா வளாகத்தின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார். அவரே 1926இல் முடிசூடியது அங்கேதான். அவர் மகன் முகமது ரேஸாவும் 1967இல் முடிசூடிக்கொள்ள கோலெஸ்தானுக்குத்தான் வந்தார்.