எவன்ஸின் பிடிஇ பாடநூல்: எங்கே ஓடும், எங்கே திணறும்

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான (பிடிஇ) லாரன்ஸ் எவன்ஸின் இந்த நூலில் 2010-இல் வந்த இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். நேரியலற்ற அலைச் சமன்பாடுகளுக்கான 12-ஆம் அத்தியாயம் அதில்தான் உண்டு. லாப்லாஸ், வெப்பம், அலை என்று போகும் 2-ஆம் அத்தியாயம் சரளம்.

திணறல் 5-ஆம் அத்தியாயத்தில், சோபொலெவ் வெளிகளில்; அதாவது, தானும் தன் வகைக்கெழுக்களும் ஓர் அடுக்குக்கு உயர்த்தித் தொகையிட்டாலும் முடிவுள்ளதாக இருக்கும் சார்புகளின் தொகுப்புகளில். லெபேக் தொகையீடு (அளவைக் கோட்பாட்டின் மீது எழுப்பிய தொகையீடு) கைவசம் இல்லாதவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பின்னிணைப்பு நினைவூட்டும், கற்றுத்தராது. அந்த அடுக்கெண் வெளியின் பரிமாணத்துக்குச் சமமானாலே சார்பு வரம்புக்குள் அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரு பரிமாண அலகு வட்டில் லாக் லாக் (1 + 1/ஆரம்) எடுத்து, அதன் சாய்வின் வர்க்கத்தைத் தொகையிட்டுப் பாருங்கள்: விடை முடிவுள்ளது, சார்போ மையத்தில் முடிவிலிக்கு ஓடும். இந்த ஒரு கணக்கு பத்துப் பக்க நிரூபணத்துக்குச் சமம்.

சார்புகளைப் பொதுமைப்படுத்தும் ஷ்வார்ட்ஸ் பாணிப் பரவல் கோட்பாட்டை இதில் தேடாதீர்கள். பயிற்சிகளுக்கு விடைகளும் கிடையாது, தனியாகப் படிப்பவருக்கு அது உண்மையிலேயே இடைஞ்சல்.