கல்லூரி விளையாட்டு நிதிக்கான கோல்ஃப் போட்டி: கட்டணத்துக்குத் தகுமா?

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைக்காக நடக்கும் நிதி திரட்டும் கோல்ஃப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். நால்வர் அணி, ‘ஸ்க்ராம்பிள்’ முறை: நால்வரும் அடிப்பார்கள், நன்றாக விழுந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்து மறுபடி நால்வரும் அடிப்பார்கள். புதிதாக மட்டை பிடித்தவரும் கூச்சமில்லாமல் ஆடலாம். இதற்கு முழு மதிப்பெண்.

சறுக்குவது நேரத்தில். ‘ஷாட்கன் ஸ்டார்ட்’ என்றால் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோல்களில் (ஒவ்வொரு குழிக்குமான தனித்தனி ஆடுதளம்; வழக்கமாக 18) தொடங்கும். 18 அணிகள் என்றால் ஆட்டம் தடையின்றி ஓடும். வசூலுக்காக ஹோலுக்கு இரண்டு வீதம் 36 அணிகளை, அதாவது 144 பேரை இறக்கினால், பார்-3 ஹோல்களில், அதாவது மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குட்டை ஹோல்களில், வண்டிகள் வரிசைகட்டும். முன்னால் ஆடும் அணி கிரீனை (குழியைச் சுற்றிய புல்தளம்) விட்டு நகரும்வரை பின்னால் யாரும் அடிக்க முடியாதே! ஆட்டம் எளிதாக ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். பெயர் கொடுக்கும் முன் எத்தனை அணிகள் என்று கேட்டுவிடுங்கள்.

‘மல்லிகன்’ எனும் மறு அடியை விற்பது நல்ல வரும்படி. ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்காவிட்டால் கோப்பை காசுள்ள அணிக்குப் போகும். ஹோல்-இன்-ஒன், அதாவது ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் தரும் கார் பரிசு பெரும்பாலும் காப்பீட்டுப் பணம். குறைந்தபட்ச தூரம், சாட்சி போன்ற விதிகள் பிசகினால் கார் கிடைக்காது.

கட்டணம் முழுவதும் நன்கொடை ஆகாது. ஆட்டம், வண்டி, சாப்பாட்டின் சந்தை மதிப்பைக் கழித்த மீதிக்கே வரிச்சலுகை கோரலாம். 75 டாலருக்கு மேல் கட்டினால், அந்த மதிப்பீட்டை எழுத்தில் தருவது நன்கொடை பெறும் அமைப்பின் கடமை. ராஃபிள் எனும் குலுக்கல் பரிசுச் சீட்டுக்குச் சலுகையே கிடையாது.