காளி கோயில் பக்கத்து பாய் கடை

மியான்மரின் யாங்கோனில் அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து நாலு எட்டு நடந்தால், ஒரு குறுக்குத் தெருவின் நடைபாதையில் இந்த டீக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் ஆட்களிடம் பாய் கடை என்று கேட்டால் காட்டுவார்கள்.

டீ நன்றாக இருக்கிறது. பாலும் இனிப்பும் தூக்கலாக வேண்டுமென்றால் 'ச்சோ செய்ன்' என்று கேளுங்கள், 2000 சாட் (பர்மியப் பணம்). அவித்த பட்டாணியோடு தரும் நான் ரொட்டி காலையில் மட்டும். சமோசாவைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து தருகிற சாலட்டில் புளி கொஞ்சம் கூடுதல்.

ஆனால் நான் எழுத வந்தது மேசைமேல் பால் சேர்க்காத வெறும் டீ நிரப்பி வைத்திருக்கிற பிளாஸ்க்கைப் பற்றி. அதற்குக் காசில்லை. தீரத் தீர நிரப்பி வைக்கிறார்கள். ஒரு டீயை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திரு என்பதில்லை. எனக்கு அந்த இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது.

என் மகனுக்கு 19 வயது. 2020-இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடியபோது 14. அடுத்த வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அப்புறம் நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அவன் திரும்பிப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தது, ஆண்களுக்கு 18 முதல் 35 வரை. கூட விளையாடிய பையன்கள் ஒவ்வொருவராகத் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். இவன் பகலெல்லாம் தூங்கினான், இரவெல்லாம் போனோடு விழித்திருந்தான். நான் வாயைத் திறந்தாலே கேள்விதான். சாப்பிட்டியா, யார்கிட்ட பேசின, ஏன் இன்னும் முழிச்சிருக்க. 'ம்' என்பான். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

ஒருநாள் கரண்ட் போய் வீடு வெந்தது. வாடா, டீ குடிச்சிட்டு வரலாம் என்றேன். வந்தான். இங்கே குட்டி ஸ்டூல்களைத் தெருவைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டாம், என் முகத்தை அவன் பார்க்க வேண்டாம். வாயைக் குவித்து 'ச்சு ச்சு' என்று சத்தம் கொடுத்து டீப்பையனைக் கூப்பிட்டான். இந்த ஊர் வழக்கம்தான். ஆனால் நாலைந்து நாளில் அவனிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அது.

மூன்றாவது வாரம் தானாகச் சொன்னான்: "செய்ட் ஞிட்டா இருக்கும்மா." அவனுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சு அளவுதான். மனசில் இருப்பது பர்மிய மொழியில்தான் வரும். செய்ட் என்றால் நம்முடைய சித்தம்தான். ஞிட் என்றால் அழுக்கு. சித்தம் அழுக்கேறிக் கிடக்கிறது என்று பிள்ளை சொல்கிறான், நான் இத்தனை நாள் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். புத்தி சொல்ல நாக்கு துடித்தது. வெறும் டீயை ஊற்றி அவன் பக்கம் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "தூங்கினா யாரோ கதவைத் தட்டுற மாதிரியே இருக்கு" என்றான்.

"எனக்கும் அப்படித்தான்டா இருக்கு."

"உனக்குமா?" என்று திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தைரியம் கொடுப்பதாக நினைத்து, பயமே இல்லாதவள் மாதிரி நான் நடந்துகொண்டிருந்தேன். அதனால்தான் அவன் தனியாகப் பயந்திருக்கிறான்.

இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறோம். சில நாள் ஒரு வார்த்தையும் இல்லாமல் திரும்புவதும் உண்டு. அவன் தூக்கம் இன்னும் சரியாகவில்லை. டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

குறையும் சொல்ல வேண்டும். பந்தாட்டம் உள்ள இரவில் டிவி சத்தத்தில் ஒன்றும் கேட்காது, சிகரெட் புகை வேறு. டீப்பையன் ஐராவதி டெல்டா பக்கத்து ஊர், 14 வயதுகூட இருக்காது. அந்தப் பிள்ளை ராத்திரிவரை கப் தூக்குவதைப் பார்க்க மனது கேட்பதில்லை. பாயிடம் சொன்னேன், இன்னும் எதுவும் மாறவில்லை.

சாயங்காலம் 4 மணிக்கு முன்னால் போங்கள், இடம் கிடைக்கும். மழைக்காலத்தில் தார்ப்பாய் ஓரத்தில் ஒழுகும், சுவரை ஒட்டிய ஸ்டூலாகப் பார்த்து உட்காருங்கள்.